இரண்டாம் முறை வந்த நாத்தான்

டிசம்பர் மாதத்தின் கடைசி இரவில், மணி பன்னிரண்டை நெருங்கும் வேளையில், திருநெல்வேலிச் சீமையின் எந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் போனாலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. குழந்தைகள் தாய்மாரின் மடியிலும் பாய்களிலும் உறங்கிக் கிடக்க, பெரியவர்கள் முழங்காற்படியிட்டுக் கடந்த வருஷத்தின் குற்றங்குறைகளை மனத்துக்குள் ஒப்புவித்து, மணி அடித்ததும் எழுந்து ஒருவரை ஒருவர் வாழ்த்தி, தட்டிலே பரப்பியிருக்கும் சிறு அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் வாக்குத்தத்த வசனத்தை அந்த வருஷம் முழுவதற்கும் தங்களுக்குக் கிடைத்த உத்தரவாதமாக வேதப்புத்தகத்தின் நடுவில் பத்திரப்படுத்துவார்கள். நானும் பல வருஷங்கள் அந்த அட்டையை எடுத்திருக்கிறேன். விருத்தியைப் பற்றி வந்திருக்கிறது, பயம் நீங்குவதைப் பற்றி வந்திருக்கிறது. பிறருடைய பொருள் உன் வீட்டில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடு என்ற பொருள்பட ஒருமுறையேனும் வந்ததாக நினைவில்லை. அட்டை அச்சிடுகிறவர்களுக்கும் வியாபாரம் தெரியும்.

இந்த வழக்கத்தை நினைக்கும்போது எனக்கு வேறொரு புதுவருஷ ஆராதனையும் நினைவுக்கு வருகிறது. 1773ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஓல்னி என்ற சிற்றூரில், லேஸ் பின்னி வயிறு வளர்த்த ஏழைகள் நிறைந்த சபைக்கு (நாகர்கோவில் மிஷன் பெண்கள் பின்னிய அதே வகை வேலைதான்) ஜான் நியூட்டன் என்ற உதவிகுரு பிரசங்கம் செய்தார். அவர் எடுத்துக்கொண்ட வேதபாகம் முதலாம் நாளாகமம் 17ஆம் அதிகாரம்: ஆட்டுமந்தையின் பின்னே திரிந்த தன்னை ராஜாவாக்கியதும் போதாதென்று தன் சந்ததிக்கும் வாக்குக் கொடுக்கிறாரே என்று, தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து வியந்து போகும் இடம். அந்தப் பிரசங்கத்தையொட்டி அவர் எழுதிய பாட்டுத்தான், 1779இல் ஓல்னிப் பாடல் தொகுப்பில் அச்சேறி, 1835இல் அமெரிக்காவில் வேறொரு மெட்டோடு இணைந்து, இன்று கிறிஸ்தவம் இன்னதென்று அறியாதவர்களும் முணுமுணுக்கும் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பாட்டு.

அந்த அதிகாரத்தில் தாவீதுக்கு நற்செய்தி கொண்டுவந்தவன் யார் என்பதை அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களில் அநேகர் கவனிப்பதில்லை. அவன் நாத்தான் என்ற தீர்க்கதரிசி. இதே நாத்தான் இன்னொரு முறையும் அரண்மனைக்கு வந்தான். அப்போது அவன் கொண்டுவந்தது வாக்குத்தத்தம் அல்ல, ஒரு கதை. ஓர் ஊரில் ஒரு பணக்காரனும் ஒரு ஏழையும் இருந்தார்கள். பணக்காரனுக்கு மந்தை மந்தையாய் ஆடுகள், ஏழைக்கோ மகளைப்போல் வளர்த்த ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது பணக்காரன் தன் மந்தையில் கைவைக்காமல் அந்தக் குட்டியைப் பிடித்துச் சமைத்துப் போட்டான். கேட்ட தாவீது கொதித்தெழுந்து, அப்படிச் செய்தவன் சாகவேண்டும், ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல, அந்த மனிதன் வேறு யாருமல்ல, நீர்தான் என்று நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னான். தன் படையில் உயிரைக் கொடுத்துப் போராடிய உரியாவின் மனைவி பத்சேபாளை அழைத்துக்கொண்டு, அந்த உரியாவையே யுத்தத்தின் உக்கிரமான முனையில் நிறுத்திச் சாகக் கொடுத்த ராஜாவுக்கு, அதற்கு மேல் பேச வாயில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது சந்திப்பு சாமுவேலின் புத்தகத்தில் இருக்கிறது, நாளாகமத்தில் இல்லை. ராஜவம்சத்தின் சரித்திரத்தைத் திரும்ப எழுதிய நாளாகமக்காரர், நாத்தானின் முதல் வருகையை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, பத்சேபாளின் விஷயத்தையும் உரியாவின் சாவையும் அடியோடு விட்டுவிடுகிறார். எந்த வம்சத்துக்கும் இப்படி இரண்டு சரித்திரங்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் போடுவது ஒன்று, கோர்ட்டுக் கட்டுகளில் இருப்பது மற்றொன்று. நியூட்டன் அந்தப் புதுவருஷத்தன்று திறந்தது முதலாவது புத்தகத்தை என்பதை யதேச்சையாக நடந்த சங்கதி என்று சொல்லிவிடலாம். எனக்கு அது அவருடைய ஜீவியத்தையே அளக்கும் கோலாகத் தெரிகிறது.

1725இல் லண்டனில் பிறந்து, ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்து, பதினோரு வயதில் தகப்பனாருடன் கப்பலேறிய நியூட்டன், 1744இல் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டு, தப்பியோட முயன்று சவுக்கடி பட்டு, கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்கிருந்து, நோயிலும் பசியிலும் நாயினும் கீழாக நடத்தப்பட்டார். அந்த நாட்களில், விலங்கு பூட்டப்பட்டிருந்த அடிமைகள் யாரும் பார்க்காத நேரத்தில் தங்கள் அரை வயிற்று உணவிலிருந்து ஒரு பங்கை எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள் என்று அவரே 1764இல் வெளியிட்ட சுயசரிதத்தில் சொல்கிறார். 1748ஆம் வருஷம் மார்ச் மாதம், தேன்மெழுகும் மரமும் ஏற்றிவந்த ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது, பெரும்புயலில் கப்பலின் ஒரு பக்கம் பிளந்து தண்ணீர் புகுந்தபோது, அதுவரை தூஷணமே தொழிலாயிருந்த அவர் வாயில் பல வருஷங்களுக்குப் பின் பிரார்த்தனை எழுந்தது. அந்தத் தேதியைச் சாகும்வரை வருஷந்தோறும் உபவாசத்தோடு நினைவுகூர்ந்தார். பாட்டைப் பற்றிப் பேசுகிற பிரசங்கிகள் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்வார்கள். அடிமை வியாபாரி மனந்திரும்பினான், பாட்டு எழுதினான் என்று.

நடந்தது அதுவன்று. புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1750 முதல் 1754 வரையில் ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’ என்ற கப்பலில் ஒருமுறையும் ‘ஆப்பிரிக்கன்’ என்ற கப்பலில் இருமுறையும் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதரை விலைக்கு வாங்கி, அட்லாண்டிக் கடலைக் கடந்து விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி இருவேளை ஜெபம் நடத்தினார். மனைவிக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். அதே பயணங்களில் ஒன்றில், கலகம் செய்யச் சதி நடப்பதாகச் சந்தேகம் வந்தபோது, சிறு பையன்களுக்குக் கட்டைவிரல் நசுக்கும் கருவியை மாட்டி உண்மையை வரவழைத்ததாகத் தம் கையாலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். இந்தத் தொழில் பாவம் என்ற எண்ணமே அக்காலத்தில் தமக்கு வரவில்லை, சிறைக்காவலன் வேலைபோல் அருவருப்பாக மட்டும் இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். 1754இல் அவர் கடலை விட்டதும் மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. திடீரென்று கண்ட நோயினால்.

மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் இதைக் கபடம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கபடக்காரன் குறிப்பு எழுதிவைக்க மாட்டான். அவருடைய விசுவாசம் மெய். அது போய்ச் சேராத அறைகள் அவர் வீட்டில் இருந்தன என்பதும் மெய்.

கிறிஸ்தவ வேதாந்தம் பாவத்தைப் பற்றிப் பேசுவதை நம்மவர் சரியாக உள்வாங்கிக்கொள்ளத் தடையாயிருப்பது, ஒருவகையில், அந்தச் சொல்லே. மூலபாஷைகளில் அதற்கு வழங்கும் சொற்கள் குறி தப்புதல், வழி பிசகுதல் என்ற அர்த்தம் உடையவை. தமிழில் மிஷனரிமார் எடுத்துக்கொண்ட ‘பாவம்’ என்ற சொல்லோ, வினை, வினைப்பயன், பிறவிதோறும் தொடரும் கணக்கு என்ற பெரிய பின்புலத்தோடு வந்தது. அதே சொல்லைத்தான் நாம் தெருவில் தடுக்கி விழுந்த குழந்தையைப் பார்த்தும் சொல்கிறோம்: ஐயோ பாவம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் பாஷை வேறு எத்தனை உண்டோ அறியேன். வினைக்கணக்கில் மன்னிப்புக்கு இடமில்லை, அனுபவித்தே தீர்க்கவேண்டும் என்ற எண்ணத்தில் ஊறியவனுக்கு, கணக்கே கிழிக்கப்பட்டது என்ற செய்தி எவ்வளவு பெரிய விடுதலையோ, அவ்வளவு பெரிய ஆபத்தும் ஆகும். பாவத்துக்குக் கிடைப்பது கூலி, கிருபையோ கூலியல்ல, இனாம் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பிரித்துக் காட்டினார். பிரித்துக் காட்டிய அதே அதிகாரத்திலேயே, அப்படியானால் கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று குதர்க்கம் பேசுகிறவர்களுக்கும் பதில் சொல்லவேண்டியதாயிற்று. அந்தக் குதர்க்கம் இன்னும் சாகவில்லை.

கத்தோலிக்கச் சபையார் இதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள். மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பாவத்துக்குரிய பரிகாரம் என்று மூன்று படிகளை வைத்து, நித்திய ஆக்கினை மன்னிப்பினால் நீங்கினாலும் பாவம் விட்டுச்செல்லும் அநித்திய தண்டனை மீந்திருக்கிறது என்று போதித்தார்கள். அந்த வரம்பையே காசாக்கிப் பலன் சீட்டு விற்றபோது, 1517இல் லூத்தர் எழுந்து, மனந்திரும்புதல் என்பது ஒரு நாள் சடங்கல்ல, விசுவாசியின் ஆயுள் முழுவதும் நடக்கவேண்டியது என்பதைத் தம் தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதலாவதாகவே வைத்தார். அவருடைய பெயரைச் சொல்லும் சபைகளில் பிற்காலத்தில் நேர்ந்த விநோதம், ஆயுள் முழுவதும் என்ற பகுதி உதிர்ந்துபோய், இனாம் என்ற பகுதி மட்டும் மிஞ்சியதுதான். ஹிட்லரின் ஆட்சியில் அதைக் கண்ணாரக் கண்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர், 1937இல் எழுதிய புத்தகத்தில் அதற்கு மலிவான கிருபை என்று பெயரிட்டார். 1945ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தூக்கிலிடப்பட்டார்.

நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் இந்த மலிவுச் சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது. வட்டிக்குமேல் வட்டி வாங்கி ஊரை உறிஞ்சியவர் மேடையேறி, தாம் இருந்த இருளையும் தமக்குக் கிடைத்த வெளிச்சத்தையும் கண்ணீரோடு சொல்வார்; சபையார் ஸ்தோத்திரம் சொல்வார்கள்; அவருக்கு அடமானம் வைத்த வீட்டை இழந்தவள் அந்தக் கூட்டத்தில் எந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறாள், அல்லது அவள் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாளா என்று யாரும் கேட்பதில்லை. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று அவர் சொல்வதை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் கர்த்தரிடம் பட்ட கடனையும் அவளிடம் பட்ட கடனையும் ஒரே பற்றுச்சீட்டில் தீர்த்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கும் இல்லை.

தாவீதின் விஷயத்தில் வேதம் இதை ஒளிக்கவில்லை. அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், தாமதமே இல்லாமல், மன்னிப்பு உண்டாயிற்று என்று நாத்தான் சொல்லிவிடுகிறான். ஆனாலும் பத்சேபாளிடம் அவனுக்குப் பிறந்த குழந்தை செத்தது. பட்டயம் அவன் வீட்டை விட்டு நீங்கவில்லை. மகன் அம்னோன் செய்த அக்கிரமம், அவனை இன்னொரு மகன் அப்சலோம் கொன்றது, அப்சலோம் தகப்பன்மேலேயே படையெடுத்து மடிந்தது என்று, தகப்பன் போட்ட விதை பிள்ளைகளிடத்தில் முளைத்தது. குழந்தையின் சாவு எனக்கு இன்றும் விளங்காத இடம். அதை விளக்கிவிட்டதாகச் சொல்லும் வியாக்கியானங்களைப் படித்தும் விளங்கவில்லை. மற்றவை விளங்குகின்றன. தேவ சமுகத்தில் ஒருவன் நீதிமானாக எண்ணப்படலாம். அவன் பழக்கிக்கொடுத்த பாடத்தை அவன் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

தாவீது ஆத்திரத்தில் சொன்ன நாலத்தனை என்ற கணக்கு, திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்கவேண்டும் என்ற மோசேயின் நியாயப்பிரமாணத்தில் உள்ளது. அந்தக் கணக்கை யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே கையில் எடுத்தவன் எரிகோவின் ஆயக்காரன் சகேயு. குள்ளனான அவன் மரத்தின்மேல் ஏறியதைத்தான் ஞாயிறு பள்ளிகளில் நடித்துக் காட்டுகிறோம். இறங்கிவந்து, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதெல்லாம் நாலத்தனையாகத் திரும்ப என்று அவன் எழுந்து நின்று சொன்னதை நடித்துக் காட்டுவது குறைவு. இயேசு அவனிடம் அப்படி ஒரு நிபந்தனையும் போடவில்லை, உன் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டுமே சொன்னார் என்பதுதான் அதில் அழகு. கொடுத்தபின் கிருபை வரவில்லை. கிருபை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபின் பெட்டி திறந்தது.

நியூட்டனுக்கு அந்தப் பெட்டி திறக்க நாற்பது வருஷமாயிற்று. குருப்பட்டம் பெற்ற 1764இலும் திறக்கவில்லை, பாட்டு எழுதிய 1773இலும் திறக்கவில்லை. 1785ஆம் வருஷக் கடைசியில், பார்லிமெண்டை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்துவிடலாமா என்று குழம்பி, யாருக்கும் தெரியாமல் தம்மைத் தேடிவந்த வில்பர்ஃபோர்ஸ் என்ற இளைஞரை, இருக்கும் இடத்திலேயே இருந்து தேவனுக்கு உபயோகப்படும்படி சொல்லி அனுப்பினார். அந்த இளைஞர் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கிளம்பியபோது, கப்பலின் உட்புறம் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடிய சாட்சி தேவைப்பட்டது. 1788இல் நியூட்டன், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். புத்தக அலமாரியில் புத்தகங்களை நெருக்கி அடுக்குவதுபோல் மனிதரைப் படுக்கவைத்ததையும், வாங்கப்பட்டவர்களில் சராசரி நாலில் ஒரு பங்கு சாவுக்கென்று ஒதுக்கவேண்டும் எனத் தாம் நினைப்பதையும், தாய்மடியில் அழுத குழந்தையைத் தூக்கம் கெடுகிறதென்று ஒருவன் கடலில் எறிந்ததையும், வர்ணனையோ கண்ணீரோ இல்லாமல் எழுதினார். இந்த ஒப்புக்கொள்ளுதல் காலந்தாழ்ந்தது, நடந்ததை மாற்றக்கூடியதுமன்று, ஆனாலும் மனச்சாட்சி இதைக் கேட்கிறது என்பதே அவருடைய முகவுரையின் சாரம். பிரிவி கவுன்சிலின் முன்னும் காமன்ஸ் சபைக் குழுவின் முன்னும் போய்ச் சாட்சியும் சொன்னார். பாட்டைவிட இந்தப் புத்தகத்தையே நான் கிருபையின் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வேன். நாளாகமத்தின் நாத்தானைப் பாடியவரிடம், பதினைந்து வருஷம் கழித்து, சாமுவேலின் நாத்தான் வந்து சேர்ந்தான்.

இதைக் கேட்கும் சிலர், அப்படியானால் கிருபையை மறுபடியும் கூலியாக்குகிறீர்களே என்று ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் நியாயமானதே. கொடுத்துத் தீர்க்கலாம் என்றால் மீட்பர் எதற்கு? ஆனால் கொடுத்துத் தீர்க்க முடியாது என்பதுதானே விஷயம். உரியாவுக்குத் தாவீது எதை நாலத்தனையாகக் கொடுப்பான்? கடலில் எறியப்பட்ட குழந்தைக்கு நியூட்டன் எதைக் கொடுப்பார்? தீராத கடன் என்று தெரிந்தவன், மன்னிப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால், கணக்குப் புத்தகத்தைக் கையால் தொடவும் அஞ்சுவான். எரித்துவிடுவான், அல்லது புது நோட்டில் வேறு கணக்கு எழுதுவான். தான் தள்ளப்படமாட்டேன் என்ற நிச்சயம் உள்ளவனுக்கே பழைய நோட்டைச் சபை நடுவில் பிரிக்கத் துணிவு வரும். மன்னிப்பைக் காட்டி நோட்டை மூடுகிறவனுக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவன் அதை இன்னும் உபயோகிக்கத் தொடங்கவில்லை என்கிறேன்.

தனி மனிதருக்கு உள்ளது ஸ்தாபனங்களுக்கும் உண்டு. கால்டுவெல்லும் போப்பும் இடையன்குடியிலும் சாயர்புரத்திலும் ஊழியம் செய்தது எஸ்.பி.ஜி. என்று நம் பக்கத்தில் வழங்கும் சுவிசேஷப் பிரபல்ய சங்கத்தின் ஆதரவில். அந்தச் சங்கத்துக்கு நம்மில் பலருடைய பாட்டன்மார் எழுத்தறிந்ததற்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அதே சங்கம், 1710இல் காலமான கிறிஸ்டபர் காட்ரிங்டன் என்பவர் எழுதிவைத்த சாசனத்தின்படி, பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்களையும் அவற்றோடு அடிமைகளையும் சொந்தமாக வைத்திருந்தது. ஒரு காலத்தில் அந்த அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறியிட்டார்கள். 1833ஆம் வருஷச் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசாங்கம் 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது, கொடுத்தது எஜமானர்களுக்கு. தன் 411 பேருக்காகச் சங்கம் பெற்றது 8,800 பவுனுக்கு மேல். விடுதலையானவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இங்கிலாந்துச் சபையின் பொதுப் பேரவை 2006இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. அடிமை வியாபாரத்தோடு தொடர்புடைய பழைய முதலீடுகளை முன்னிட்டு, 2023இல் சபையின் சொத்துக்களை நிர்வகிப்பவர்கள் 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். இறந்துபோனவர்களின் பாவத்துக்கு இருப்பவர்கள் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்று அங்கே பத்திரிகைகளில் ஆட்சேபணை எழுந்தது. ஆஸ்தியைச் சுதந்தரித்துக்கொள்ளும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நமக்கும் இதில் பங்கிருக்கிறது. ஒரே பந்தியில் அப்பம் பிட்கிறோம் என்று பாடிக்கொண்டே, ஜாதிக்கொரு பக்கமாய் உட்காரவும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைக்கவும் தெரிந்த சபைகள் நம்முடையவை. அதைப் பற்றி ஒரு வாக்குத்தத்த அட்டை அச்சாக எத்தனை காலம் ஆகுமோ.

அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807ஆம் வருஷம் மார்ச் 25ஆம் தேதி நிறைவேறியது. கண்பார்வை மங்கிய எண்பத்தொரு வயது நியூட்டன் அதைக் கேட்க உயிரோடிருந்து, அந்த டிசம்பரில் காலமானார். தம் கல்லறைக்கு வேண்டிய வாசகத்தை அவர் முன்னமே எழுதிவைத்திருந்தார். ஒரு காலத்தில் அவிசுவாசியாகவும் துன்மார்க்கனாகவும் இருந்தவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாயிருந்தவன், கிறிஸ்துவின் இரக்கத்தால் காக்கப்பட்டு மன்னிக்கப்பட்டவன் என்பது அதன் கருத்து. அடிமைகளுக்குக் கீழே தாம் வேலை செய்த நாட்கள் அதில் இருக்கின்றன. அடிமைகளை விற்ற நாட்கள் இல்லை. 1893இல் அவருடைய எலும்புகளை லண்டனிலிருந்து ஓல்னிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தபோதும் அந்த வாசகத்தையே கல்லில் வைத்தார்கள். எழுதினவர் விட்டதை வெட்டினவர் சேர்க்கவில்லை.